கை தூக்கினால் வருபவள்

கண் விழித்த மறு நொடியே கலைமதி சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பினாள். அவள் தூங்கியிருக்கக் கூடாது. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டேகால். காலை ஒன்பதரைக்குக் கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது பாயில் கிடக்கிறாள். தலைக்குத் தலையணை இருக்கிறது, காலுக்குப் போர்வை இருக்கிறது. பாயை விரித்தது யார் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் புருஷனின் மூச்சை யாரும் பார்க்கவில்லை.

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சிவசங்கர் மல்லாந்து கிடந்தான். புறங்கையை அவன் மூக்கடியில் வைத்தாள். சூடாகக் காற்று வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சத்தம் கேட்டு அவன் புரண்டான். "இன்னா கலை, அழுவுறியா?"

"இல்ல மாமா. கண்ணு எரியுது."

"எரியாம இன்னா பண்ணும்? நானும் பார்த்துக்கினேதான் இருந்தேன். மூச்சு நிக்கிறப்பல்லாம் கரெக்டா தோளைத் தட்டி எழுப்பினே. ஒரு தபாகூட மிஸ் ஆவல. ரெண்டு மணி நேரமாவது படு, போ."

தான் தூங்கிவிட்டதைச் சொன்னால் அவன் பயந்துபோவான். தட்டியது யார் என்று கேட்டால் அவள் பயந்துபோவாள். சமையலறைக்குப் போய் முகம் கழுவினாள். திரும்பி வரும்போது ஸ்டூலை ஓரமாக நகர்த்தக் கை வைத்தாள். உட்காரும் இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

சிவசங்கர் ஒரகடத்தில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறான். குறட்டை விடுகிறவன் என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரிந்துபோன விஷயம், அதை வைத்து ஊரே கேலி செய்ததும் உண்டு. ஒரு மாதத்துக்கு முன்னால், விடிகாலை ஷிப்ட் முடியும் நேரத்தில், வண்டியிலேயே அவனுக்குக் கண் சொருகிவிட்டது. மூன்று நொடிதான். வண்டியின் இரும்பு நாக்கு சரக்கு ரேக்கில் ஏறி, இரண்டு டன் சரக்கு சரிந்து விழுந்தது. அந்த இடத்தில் நின்று பீடிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்த ஆள் அப்போதுதான் நகர்ந்திருந்தான். அன்றிலிருந்து சிவசங்கருக்கு வண்டியைத் தொட அனுமதி இல்லை. சரக்கில் சீட்டு ஒட்டும் வேலைதான். டாக்டர் கடிதம் கொண்டுவந்தால்தான் மறுபடி வண்டி, இரண்டு மாதத்துக்குள் வராவிட்டால் வேலையே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

தூக்கத்தைச் சோதித்த ஆஸ்பத்திரியில், மணிக்கு இருபத்தாறு தடவை மூச்சு நிற்கிறது என்றார்கள். தூங்கும்போது நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடுகிறதாம். முதலில் முகமூடி வைத்த ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். மூன்றாவது நாளே பிய்த்துப் போட்டான். "மூக்கை எவனோ பொத்திக்கினு கீற மாதிரி கீது கலை, செத்தாலும் இது வாணாம்" என்றான். அவர்கள் குடியிருக்கும் பிள்ளைப்பாக்கத்தில் பகலில் கரண்ட் வேறு போய்ப்போய் வரும். அப்போதுதான் டாக்டர் வேறு வழி சொன்னார். பல்லில் மாட்டும் கிளிப். கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பிடிக்கும், நாக்கு சரியாது, தொண்டை திறந்தே இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் பல் டாக்டர் மெர்சி அவன் பல்லுக்கு அளவு எடுத்து அனுப்பியிருந்தார். செய்து வர மூன்று வாரம்.

அந்த மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கும்படி யாரும் கலைமதியிடம் சொல்லவில்லை. உடம்பு தானாக விழித்துக்கொள்ளும், பக்கவாட்டில் படுக்க வையுங்கள், போதும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் ஒருநாள் அவன் மூச்சு நின்றபோது அவள் எண்ணிப் பார்த்திருந்தாள். நாற்பது வரை போனது. அவன் உதடு நாவல்பழம் தின்றதுபோல் கறுத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு உடம்பை எப்படி நம்புவது? தன் கம்பெனியில் கெஞ்சி நைட் ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். இருவரும் காலை ஏழரைக்கு வீடு வருவார்கள். ஜன்னலில் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒட்டி அறையை இருட்டாக்கியிருந்தார்கள். அவன் படுப்பான், அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பாள். பன்னிரண்டு நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை. பஸ்ஸில் அரைமணி, சாப்பாட்டு இடைவேளையில் கால்மணி. கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் இருந்தது. சில சமயம் அவளுக்கு அவன்மேல் வெறுப்புக்கூட வந்தது. செத்துத் தொலையேன், நான் தூங்குகிறேன் என்று ஒருமுறை நினைத்துவிட்டு, அதற்காகத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று காலை நடந்ததை அவள் மெல்ல மெல்ல ஞாபகப்படுத்திக்கொண்டாள். கடைசியாக அவன் மூச்சு நின்றது. எண்ணத் தொடங்கினாள். பத்து வரை எண்ணியது தெரிகிறது. அதற்கப்புறம் அவள் வலது கை தானாக மேலே போனது.

சுங்குவார்சத்திரம் பக்கம் அவள் வேலை பார்க்கும் போன் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. போன் பாகங்கள் வரும் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், அவசரத்துக்கு எழுந்து போகவேண்டுமென்றால் கையைத் தூக்கினால் போதும். பின்னாலிருந்து ரிலீவர் வருவாள். இடது தோளில் இரண்டு விரலால் தட்டுவாள். நீங்கள் வலது பக்கம் நழுவி எழ, அவள் இடது பக்கமாக ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது, பெல்ட் நிற்காது. எல்லோருக்கும் நீலக் கோட்டு, தொப்பி, மாஸ்க், விரல்நுனிகளில் வெள்ளை ரப்பர் உறை. யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இடம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

ஆறு வருஷப் பழக்கம். அரைத்தூக்கத்தில், கட்டில் பக்கத்தில், அவள் கையைத் தூக்கியிருந்தாள்.

இடது தோளில் யாரோ இரண்டு விரலால் தட்டினார்கள். அவளும் வலது பக்கம் நழுவி எழுந்தாள்.

கனவு என்று சொல்லிக்கொண்டாள். மறுநாள் கையை மடியில் கோத்துக்கொண்டு பதினோரு மணிவரை உட்கார்ந்திருந்தாள். வெளியே டேங்கர் லாரி ஒன்று பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து அலறியது, பக்கத்து வீட்டில் குக்கர் மூன்றுமுறை கத்தி அடங்கியது, அட்டையின் ஓட்டை வழியாக உள்ளே விழுந்த ஒரு பொட்டு வெயில் கட்டில்மேல் ஊர்ந்து ஊர்ந்து அவன் முழங்கைக்கு வந்துசேர்ந்தது, வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த தலையணை வாசம் அவளைக் கீழே இழுத்தது. அவன் மூச்சு நின்றது. தட்டினாள். நின்றது. தட்டினாள். அடுத்தமுறை நின்றபோது அவளுக்குத் தட்டக் கை வரவில்லை. தெரிந்தேதான் தூக்கினாள். என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும், யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையைத் தூக்கினாள்.

இரண்டு விரல். இடது தோள்.

பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் லேசாகக் கிறீச்சிட்டது. ஃபாக்டரியில் பாகங்களைத் துடைக்கும் ஸ்பிரிட் வாசம், குளிர்ச்சியாக, வந்தது. அவன் மூச்சு நின்றது. துணி உரசும் மெல்லிய சத்தம். அவன் சீறிக்கொண்டு மூச்சை இழுத்தான். சரியாகத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தாள் கலைமதி. தூங்கிப்போனாள்.

அப்படியே ஒன்பது நாள். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கம் அவ்வளவு ருசியாக இருந்தது. லைன் சூப்பர்வைசர் தணிகாசலம், "இன்னாம்மா, மூஞ்சி தெளிஞ்சிட்டுது? வூட்டுக்காரருக்கு சரியாயிடுச்சா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். வீட்டுக்கார அம்மா ராஜம்மாதான் ஒருநாள் சாயங்காலம் வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா கலை, உனுக்கு இன்னா அவ்ளோ கெத்து? மத்தியானம் மோட்டார் போட வந்தேன், கதவு இடுக்குல பார்த்தா ஸ்டூல்ல குந்திக்கினு கீறே. நாலு தபா கூப்ட்டேன். திரும்பவே இல்ல."

"தூக்கக் கலக்கம்க்கா. காதுல வுழல."

"அது சரி. வூட்டுக்குள்ளயும் எதுக்கு கம்பெனி கோட்டு?"

கலைமதியின் கோட்டு கம்பெனி லாக்கரில் இருந்தது. வீட்டுக்கு எடுத்துவர விடமாட்டார்கள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிளிப் வந்தது. டாக்டர் மெர்சி நீலப் பெட்டியைத் திறந்து காட்டினார். கண்ணாடிபோல் தெளிவான இரண்டு துண்டுகள், மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று, இரண்டு பக்கமும் சின்னக் கம்பி சேர்த்துப் பிடித்திருந்தது. மாட்டியதும் சிவசங்கரின் தாடை முன்னால் வந்து, அவன் யாரிடமோ கோபித்துக்கொண்டவன்போல் ஆகிவிட்டான்.

"ஆரம்பத்துல எச்சில் ஊறும். எழுந்ததும் தாடை வலிக்கும், கொஞ்ச நேரத்துல போயிடும். கழட்டினதும் பச்சைத்தண்ணியில கழுவி பெட்டியில வைங்க. ரெண்டு வாரம் கழிச்சு, சனிக்கிழமை, விரல்ல ஒரு சின்னக் கருவி மாட்டி வீட்டுலயே டெஸ்ட் பண்ணலாம். எண்ணிக்கை குறைஞ்சிருந்தா டாக்டர் லெட்டர் கொடுத்துடுவார்" என்றார் மெர்சி.

முதல் நாள் அவன் வாயில் கிளிப்போடு தூங்கியதைக் கலைமதி ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். குறட்டை இல்லை. மூச்சு நிற்கவே இல்லை. குழந்தை மூச்சுவிடுவதுபோல் சீராக வந்து போனது. எல்லா சாமியையும் கும்பிட்டாள். கையைத் தூக்கவில்லை. இனிமேல் தேவையே இல்லை என்று பாயை விரித்துப் படுத்தாள்.

கண் அசரும் நேரம். பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது.

இரண்டேகால் மணிக்கு எழுந்தபோது அவன் பழையபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வாயில் கிளிப் இல்லை. நீலப் பெட்டி அலமாரித் தட்டில் மூடி இருந்தது. திறந்தாள். உள்ளே கிளிப், சுத்தமாகக் கழுவி, ஈரத்தோடு.

"நீயா கழட்டினே மாமா?"

"நானா? எனக்கு ஒண்ணும் தெரியாதே. ஆனா கலை, நீ எழுப்பிக்கினே இருந்தே, அது தெரியும்."

மெர்சிக்குப் போன் செய்தாள். பழகும்வரை நிறையப் பேர் தூக்கத்தில் தாங்களே கழற்றிப் போடுவார்கள், பயப்பட வேண்டாம் என்றார். தாங்களே கழுவியும் வைப்பார்களா என்று கேட்காமலே கலைமதி போனை வைத்தாள்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டு படுத்தாள். எழுந்து பார்த்தால் சாவி கழுத்தில் இருந்தது. பீரோ பூட்டியிருந்தது. பெட்டி அலமாரித் தட்டில் இருந்தது. தூங்காமல் ஸ்டூலில் தானே உட்கார்ந்து பார்த்தாள். அவள் உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எத்தனை நாள் அப்படி உட்கார முடியும்? தலை ஒரு கணம் தொங்கும். அவ்வளவு போதும். விழித்தால் பாயில் கிடப்பாள், போர்வையோடு.

வெள்ளிக்கிழமை காலை சாப்பிடும்போது சிவசங்கர் தட்டைத் தள்ளிவைத்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நாளைக்கு டெஸ்டு. தோத்துட்டா வேலை போயிடும், அத வுடு. சீட்டு ஒட்டிக்கினே நேத்து நின்ன வாக்குல தூங்கிட்டேன் கலை. நான் ரோட்டுல வண்டி ஓட்டிக்கினு வர்றவன். எவனையாவது சாவடிச்சிட்டா? இல்ல தூங்கிக்கினே நானே போய்ட்டா? நீ இன்னா பண்ணுவே? எனக்கு பயமா கீது."

அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவன் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

கிளிப்பைத் தன் கையாலேயே மாட்டிவிட்டாள். அவன் தூங்கியதும் பாயில் கட்டிலைப் பார்த்துப் படுத்துக் கண்ணை ஒரு கீற்று மட்டும் திறந்து வைத்தாள். கையைத் தூக்கவில்லை. விசிறி சுற்றியது. எங்கோ ஒரு வண்டியில் காய்கறி விலை கூவிக்கொண்டு போனார்கள். அட்டை ஓட்டையின் வெயில் பொட்டு தரையில், ஸ்டூலின் காலருகே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டூலின் நான்கு கால்களும் மெல்ல வெளிப்பக்கம் விரிந்தன. பிளாஸ்டிக் ஸ்டூலில் ஆள் உட்கார்ந்தால் எப்படி விரியுமோ அப்படி.

ஸ்பிரிட் வாசம்.

அவன் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஸ்டூல் காத்திருந்தது. ஐந்து நிமிஷம். பத்து. பிறகு அவன் முகத்துக்கு மேலே இருட்டு கொஞ்சம் தடித்தது. நீல நிறக் கை ஒன்று. விரல்நுனிகளில் வெள்ளை உறை. இரண்டு விரல் அவன் உதட்டைப் பிரித்தது. உள்ளே போனது. மேல்வரிசையை விடுவித்தது. கீழ்வரிசையை விடுவித்தது. அவசரமே இல்லை. பல நாள் செய்த வேலை.

சமையலறையில் குழாய் திறந்தது. மூடியது. பெட்டி 'டக்' என்றது.

ஸ்டூலின் கால்கள் மறுபடி விரிந்தன. குறட்டை ஆரம்பித்தது. நின்றது. கலைமதி எண்ணினாள். பதினைந்து. இருபது. அந்தக் கை அவன் தோளைத் தொட்டது. அவன் மூச்சை இழுத்தான்.

அது அவனைக் கொல்ல வரவில்லை. மூச்சு நிற்காவிட்டால் அதற்கு அங்கே வேலை இல்லை. வேலை இல்லாத ரிலீவருக்கு இடம் இல்லை.

"போயிடு" என்றாள் கலைமதி. "அவருக்கு சரியாயிடுச்சு. நீ போலாம். உனக்குக் கும்புடு போடறேன், போயிடு."

ஸ்டூல் அசையவில்லை. லைனில் யாரும் பேசுவதில்லை. பேசினால் யாருக்கும் கேட்பதும் இல்லை. ரிலீவரை எழுப்ப ஒரே வழிதான் உண்டு. இடத்துக்குச் சொந்தக்காரி திரும்பி வந்து, தோளைத் தட்டி, தானே உட்கார வேண்டும்.

அவள் எழுந்தாள். முதலில் பெட்டியைத் திறந்து கிளிப்பை எடுத்துக்கொண்டாள். ஸ்டூலைப் பார்க்காமல் கட்டிலின் அந்தப் பக்கம் போய், அவன் வாயில் மாட்டினாள். அவன் தூக்கத்திலேயே கடித்துக்கொண்டான். குறட்டை அடங்கியது. இப்போது. இப்போதே செய்துவிட வேண்டும். ஸ்டூலுக்குப் பின்னால் வந்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு விரலை நீட்டினாள்.

துணி தட்டுப்பட்டது. கம்பெனி கோட்டுத் துணி. அதற்குள்ளே எலும்பான ஒரு தோள். ஏசி போட்ட ஹாலிலிருந்து வந்ததுபோல் சில்லென்று இருந்தது.

தட்டினாள்.

அது வலது பக்கம் நழுவி எழுந்தது. அவள் இடது பக்கமாக உட்கார்ந்தாள். ஆறு வருஷப் பழக்கம், யோசிக்கவே தேவைப்படவில்லை. அவன் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. முடிந்தது என்று அவளுக்குக் கண்ணீர் பொங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினாள்.

கை நீலமாக இருந்தது. விரல்நுனியில் வெள்ளை உறை.

பின்னால், பாயில், யாரோ பெருமூச்சு விட்டார்கள். போர்வையை இழுக்கும் சத்தம். கலைமதி திரும்பினாள். ஒருத்தி பாயில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கலைமதியின் பச்சைப் பூப்போட்ட நைட்டி. கலைமதியின் பின்னல். மாஸ்க் விலகியது. கலைமதியின் முகம். தூக்கத்துக்கு ஏங்கி வீங்கிய கண்கள் அவளைப் பார்த்தன. அதில் கோபம் இல்லை. ஷிப்ட் முடிந்தவளின் களைப்புதான் இருந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கலைமதி அலறினாள். மாஸ்க்குக்குள் சத்தம் செத்துப்போனது. காதுக்குப் பின்னால் அதன் நாடாவைத் தேடினாள். நாடா இல்லை.

இரண்டு மணிக்கு சிவசங்கர் எழுந்தான். கிளிப்பைக் கழற்றிவிட்டுத் தாடையைத் தேய்த்துக்கொண்டே, "கலை! இன்னிக்கு அது வாயிலயே இருந்துச்சு பாரு!" என்றான். பாயில் இருந்தவள் எழுந்து, "பார்த்தியா, நான் சொல்லல?" என்று சிரித்தாள். கலைமதி அவன் முகத்துக்கு முன்னால் போய் நின்றாள், அவன் கையைப் பிடித்தாள், சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் ஒரு ஈயை ஓட்டுவதுபோல் கையை உதறிக்கொண்டு டீ போடப் போனான்.

சாயங்காலம் இருவரும் வேலைக்குப் போனார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டார்கள். கலைமதி இரவு முழுக்கக் கதவை அடித்தாள். யாரும் வரவில்லை.

சனிக்கிழமை டெஸ்ட் நடந்தது. கிளிப் வாயிலேயே இருந்தது, கலைமதி அதைத் தொடவில்லை. மணிக்கு நான்கு தடவைதான் என்று திங்கட்கிழமை டாக்டர் கடிதம் கொடுத்தார். சிவசங்கர் மைசூர்பாகு வாங்கி வந்து ராஜம்மாவுக்குக் கொடுத்தான், பாயில் தூங்குகிறவளுக்கும் ஊட்டிவிட்டான். மூலையில் நின்று பார்த்தபோது கலைமதிக்கு, பாழாய்ப்போன மனது, சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் பிழைத்துவிட்டான். இனி அவள் இங்கே நிற்கவேண்டியதில்லை. கதவு திறந்திருக்கும் நேரம் பார்த்து வெளியே போய்விடலாம். ராஜம்மாவுக்குக் கோட்டு தெரிந்ததே, அவளிடம் போய் நிற்கலாம். யாராவது ஒருவர் பார்க்கமாட்டார்களா?

செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் இருவரும் வேலை முடிந்து வந்தார்கள். சாப்பிட்டார்கள். அவன் கிளிப்பை மாட்டிக்கொண்டு படுத்துத் தூங்கினான். காற்று வரட்டும் என்று பாயில் படுப்பவள் வாசல் கதவை ஒரு சாண் திறந்து வைத்தாள். வெளியே வெயில் கண்ணைக் கூச வைத்தது. ராஜம்மா துணி அலசும் சத்தம் கேட்டது. கலைமதி கதவை நோக்கி நடந்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள். பாதத்தில் சூடு பட்டது.

பின்னால் பெட்டி 'டக்' என்றது.

திரும்பிப் பார்த்தாள். அலமாரிப் பக்கத்தில் அவள் முகத்தோடு இருந்தவள் ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை வாசலைப் பார்த்தாள். ஒருமுறை ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு பாயில் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

குறட்டை ஆரம்பித்தது. நின்றது.

பத்து. பதினைந்து.

"எழுப்பு" என்றாள் கலைமதி பாயைப் பார்த்து. "எழுப்புடி. அடிப்பாவி. எழுப்பு."

இருபது. பாய் அசையவில்லை. முப்பது. வெளியே ராஜம்மா தண்ணீரை மொண்டு ஊற்றினாள். முப்பத்தைந்து. அவன் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. நாற்பது.

காலை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினாள். தோளைத் தட்டினாள். அவன் சீறிக்கொண்டு மூச்சை இழுத்தான், இருமினான், பாதிக் கண்ணைத் திறந்து அவளைத் தாண்டிப் பாயைப் பார்த்தான்.

"கலை... தூங்கலையா நீ?"

"தூங்கப் போறேன் மாமா" என்றது பாயிலிருந்து அவள் குரல். "நீ கவலைப்படாம தூங்கு."

அவன் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினான். கிளிப்பை எத்தனை தடவை மாட்டினாலும் பாயில் கிடப்பவள் கழற்றிக் கழுவி வைப்பாள் என்பது கலைமதிக்குத் தெரியும். மூன்று மூச்சு வந்தது. நான்காவது வந்தது. ஐந்தாவது வரவில்லை.

கலைமதி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.